தடுப்புக்கு இரண்டு பக்கமும்

குற்றாலத்துப் பேரருவியில் ஆண்கள் குளிக்க ஒரு பக்கம், பெண்கள் குளிக்க ஒரு பக்கம், நடுவில் ஒரு தடுப்பு. ஊருக்கு அது நல்ல ஏற்பாடுதான். சந்தானகிருஷ்ணனுக்கு மட்டும் அந்தத் தடுப்பு ஆகாது. அவன் மனைவி விஜயத்துக்குப் புத்தி சரியில்லை. நாற்பத்தெட்டு நாள் தலையில் அருவித் தண்ணீர் விழுந்தால் தெளிந்துவிடும் என்று பலபேர் சொல்லி, ஐம்பத்தைந்தாம் வருஷத்துச் சீசனுக்கு அவளைத் தென்காசியிலிருந்து கூட்டி வந்திருந்தான். தடுப்புவரை கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகலாம். அதற்குமேல் அவள் தனியாகத்தான் போகவேண்டும். போனவள் தண்ணீரில் நிற்பாளா, பாறையில் ஏறுவாளா, சேலையை அவிழ்த்து எறிந்துவிட்டு நிற்பாளா என்று தெரியாமல் இவன் இந்தப் பக்கம் துண்டைப் பிழிந்துகொண்டு நிற்கவேண்டும்.

விஜயத்துக்கு அது வந்ததற்குக் காரணம் என்று ஒன்றும் கிடையாது. பிள்ளை செத்துப் போகவில்லை, பிறக்கவே இல்லை. மாமியார் கொடுமை என்று சொல்ல வீட்டில் மாமியாரும் இல்லை. கல்யாணம் ஆன நாலாவது வருஷம் பங்குனி மாதத்தில் ஒரு நாள் காலை, தெருக் குழாயில் வரிசையில் நின்றவள் குடத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"கொழாயடியில எல்லாரும் என்னப் பத்தியே பேசுதாவ" என்றாள்.

குழாயடியில் வேறு என்ன பேசுவார்கள் என்று இவன் சிரித்தான். மறுநாள், குடங்களும் பேசுகின்றன என்றாள். அதற்கப்புறம் அவன் சிரிக்கவில்லை.

சந்தானகிருஷ்ணனுக்குத் தென்காசியில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிற கம்பாசிட்டர் வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கருமாதிக் கார்டு எல்லாம் அவன் கை பட்டுத்தான் வெளியே வரும். காலையிலிருந்து நின்றபடியே வேலை. சாயங்காலம் இரண்டு காலும் ஈயமாகக் கனக்கும். அந்தக் கால்களை இழுத்துக்கொண்டுதான் அவன் அக்கா உலகம்மாள் சொன்ன இடத்துக்கெல்லாம் விஜயத்தைக் கூட்டிக்கொண்டு அலைந்தான்.

உலகம்மாள் அவனைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்து ஆளாக்கியவள். ஊருக்கு அவன் சந்தானகிருஷ்ணன், அவளுக்கு மட்டும் கிட்டு. இலஞ்சியில் வாக்கப்பட்டிருந்தாள். வாரம் ஒரு தரம் வருவாள், வரும்போதே ஏதாவது ஒரு கோயில் பேரோடு வருவாள்.

"ஏலே கிட்டு, இந்த ஒரு இடம் மட்டும் போய்ட்டு வாலே. எத்தனையோ பேருக்குத் தெளிஞ்சிருக்காம்."

அவன் போவான். முருகன் சன்னிதியில் மண்டலம் இருந்தான். அம்மனுக்கு மாவிளக்கு எடுத்தான். தர்காவில் வியாழக்கிழமை வியாழக்கிழமையாகப் படுக்கவைத்தான். மாதா கோயிலில் மெழுகுவத்தி கொளுத்தினான். ஒவ்வோர் இடத்திலும் ஒரு காரணம் சொன்னார்கள். குலதெய்வத்துக்கு நேர்ந்தது பாக்கி இருக்கிறது என்றார்கள். முன்ஜென்மத்தில் செய்தது என்றார்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். கேட்கக் கேட்க, அவனுக்குக் காரணங்களின் மேலேயே ஓர் அலுப்பு வந்தது. இவள் யாருக்கு என்ன செய்தாள்? தெருநாய் வாசலில் படுத்திருந்தால்கூட எழுப்பாமல் தாண்டிப் போகிறவள்.

கடைசியாகப் போனது புளியறை தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மந்திரவாதியிடம். அவர் விஜயத்தை உட்காரவைத்துப் பிரம்பால் அடித்தார். சந்தானகிருஷ்ணன் எழுந்து ஓடிப்போய்க் கையைப் பிடித்தான்.

"அடி இவளுக்கில்லை, உள்ளே இருக்கதுக்கு. நீ தள்ளி நில்லு" என்றார் அவர்.

அவன் தள்ளி நின்றான். அதைத்தான் பிற்பாடு நினைத்து நினைத்து வெட்கப்பட்டான். திரும்பி வரும்போது புளியறையில் லாரிகள் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தார்கள். விஜயம் ரவிக்கைக் கையை மேலே ஒதுக்கிப் பார்த்தாள். பிரம்பு பட்ட இடம் கன்றிச் சிவந்து கோடு கோடாகத் தடித்திருந்தது.

"அடி அதுக்குத்தான விழுந்துது?" என்று கேட்டாள். "பெறவு எனக்கு ஏன் வலிக்கி?"

மூன்று வருஷத்தில் அவள் அவ்வளவு தெளிவாக ஒன்றுமே கேட்டதில்லை. அவன் டீக்குக் காசு கொடுத்தான். பஸ் ஏறி உட்கார்ந்ததும் வழக்கம்போல 'முருகா' என்று சொல்ல வாயெடுத்தான். வார்த்தை வரவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் கதவைத் தட்டிவிட்டு, அப்புறம்தான் வெளியே பூட்டுத் தொங்குவதைக் கவனிக்கிறவன் மாதிரி இருந்தது. அவ்வளவு நாளும் யாரும் இல்லாத வீட்டையா தட்டினோம் என்று ஓர் அசதிதான் வந்தது. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனான்.

அதற்கப்புறம் அவன் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. குற்றாலத்துக்கு மட்டும் வந்தான். தண்ணீர் சாமி இல்லையே, தண்ணீர்தானே. சூடு தணிந்து நன்றாகத் தூங்குவாள் என்று ஆஸ்பத்திரி டாக்டரும் சொல்லியிருந்தார்.

வந்த மூன்றாம் நாள் விஜயம் பெண்கள் பக்கத்தில் வழுக்கி விழுந்து முழங்காலில் ரத்தத்தோடு வெளியே வந்தாள். நாலைந்து பெண்கள் அவனைப் பிடித்து ஏசினார்கள். "இப்படிப்பட்டவளத் தனியா அனுப்புதீரே, உமக்கு அறிவிருக்கா?" அவன் போகிற வருகிற பெண்களிடமெல்லாம் கொஞ்சம் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுப் பார்த்தான். விஜயத்தின் கண்ணைப் பார்த்ததும் அவர்கள் நகர்ந்துகொண்டார்கள்.

நாலாம் நாள் சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. தடுப்புக்குப் பக்கத்தில் அவன் விஜயத்தோடு நின்றுகொண்டிருந்தபோது ஒரு முஸ்லிம் அம்மாள் அருகில் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைத் துப்பட்டியைத் தலைக்குப் போட்டிருந்தாள். அவள் கை மணிக்கட்டிலிருந்து ஒரு துணிக்கயிறு போயிற்று. அதன் மறுமுனை, அவளைவிட இரண்டு மடங்கு உயரமான ஓர் இளந்தாரியின் மணிக்கட்டில் இருந்தது. அவன் ஆகாசத்தைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, இது ஒங்க வீட்டுப் பொம்பளைதான?"

"ஆமா."

"நேத்து உள்ள விழுந்த பெறவு நாந்தான் தூக்கிவிட்டேன். ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது." அவள் கயிற்றை இழுத்துப் பிடித்தாள். "நான் கடையநல்லூரு. பேரு ஹைருன் பீவி. இவன் எம் மவன் மசூது. வந்து ஆறு நாளாச்சு, இன்னும் இவன் தலையில ஒரு சொட்டுத் தண்ணி படலை. ஆம்பளைங்க பக்கம் நான் எப்படிப் போவ? யார்கிட்டக் கேட்டாலும் சிரிக்காவ."

அவளுக்குப் புருஷன் இல்லை, தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்து வயிறு கழுவுகிறாள் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவள் கேட்டது ஒன்றைத்தான்.

"ஒங்க வீட்டுக்காரியை நான் பிடிச்சிக்கிடுதேன் தம்பி. எம் மவனை நீங்க பிடிச்சிக்கிடுதியளா?"

சந்தானகிருஷ்ணன் மசூதைப் பார்த்தான். அந்த உடம்பு ஒரு தள்ளுத் தள்ளினால் தான் எங்கே போய் விழுவோம் என்றும் யோசித்தான். அதற்குள் ஹைருன் பீவி தன் கையில் இருந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, துணிக்கயிற்றின் முனையை அவன் கையில் வைத்துவிட்டாள். விஜயத்தின் தோளை அணைத்து, "வாட்டி எம் மவளே" என்று உள்ளே நடத்திக்கொண்டு போனாள். விஜயம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூடப் போனாள்.

மசூது லேசில் வரவில்லை. பாறையைக் கட்டிக்கொண்டு கத்தினான். சந்தானகிருஷ்ணன் அவனைப் பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்து ஓரடி ஓரடியாக நகர்த்தினான். அருவியின் ஓரத்துச் சில்லுத் தண்ணீர் பட்டதும் மசூது அவன் தோளைக் கடித்துவிட்டான். வலியைப் பொறுத்துக்கொண்டு இன்னும் ஓரடி நகர்த்தினான். தண்ணீர் முழுசாகத் தலையில் இறங்கியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்தபடி மூச்சு முட்ட நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் மசூதின் உடம்பு தளர்வதை அவன் உணர்ந்தான். வெளியே வந்து துவட்டிவிடும்போது மசூது அவன் காதருகே வந்து சொன்னான்.

"உள்ள அவங்க பேசல."

"யாரு?"

"எப்பவும் பேசுதவங்க. தண்ணிக்குள்ள அவங்க சத்தம் கேக்கல."

சந்தானகிருஷ்ணன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். அருவிக்கு அடியில் நின்றால் பக்கத்தில் இருப்பவன் கத்துவதே கேட்காது. மண்டைக்குள் ஓயாமல் பேசுகிறவர்களையும் அந்த இரைச்சல் அமுக்கிவிடுகிறது. விஜயத்துக்கும் அப்படித்தான் இருக்கும். இதில் தெய்வமும் இல்லை, மூலிகையும் இல்லை, வெறும் சத்தம். அன்று மத்தியானம் விஜயம் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். சாயங்காலம்வரை அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். அவள் தூங்கும்போது அவனும் தூங்கினான். அப்படித் தூங்கி எத்தனை மாதம் ஆயிற்று என்று அவனுக்கே நினைவில்லை.

அந்தச் சீசன் முழுக்க அப்படியே நடந்தது. காலையில் தடுப்பருகே கைமாற்றிக்கொள்வார்கள், குளித்து முடிந்ததும் திரும்ப மாற்றிக்கொள்வார்கள். தண்ணீர் குறைந்து, கடைக்காரர்கள் பந்தலைப் பிரிக்க ஆரம்பித்ததும் அவரவர் ஊருக்குப் போனார்கள். மறு வருஷம் ஆனி பிறந்து முதல் சாரல் விழுந்ததும் அவன் கடையநல்லூருக்கு ஒரு கார்டு போட்டான். 'சாரல் விழுகிறது. வருகிறோம்.' அவளுக்குப் படிக்கத் தெரியாது, அடுத்த வீட்டில் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வாள். வருஷா வருஷம் கார்டு போட்ட நாலாம் நாள் மூட்டையோடும் மசூதோடும் வந்து நிற்பாள்.

விஜயத்துக்கும் தெளியவில்லை, மசூதுக்கும் தெளியவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். குற்றாலத்தில் இருக்கிற நாட்களில் சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக இருக்கும். ஊருக்குப் போன இரண்டாம் மாதம் பழையபடி ஆகிவிடும். விஜயம் நடு மத்தியானத்தில் தெருவில் இறங்கி நடப்பாள். அச்சுக்கூடத்துக்கு ஆள் வந்து சொல்லும். அவன் கையில் இருக்கிற எழுத்துகளைப் போட்டுவிட்டு ஓடுவான். முதலாளி ஒன்றும் சொல்லமாட்டார், முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வார். ஒவ்வொரு நாளும் அவளை எழுப்பி, பல் தேய்க்கவைத்து, தலை பின்னிவிட்டு, சாப்பிடவைத்து, மறுபடி படுக்கவைப்பதற்குள் அவனுக்கு ஒரு வயசு கூடிவிடும்.

ஹைருன் பீவி ஐந்து வேளையும் தொழுகிறவள். அடுத்தடுத்து எடுத்த வாடகை அறைகளில் அவள் தன் அறைக்குள் தொழும்போது வாசலில் மசூதையும் விஜயத்தையும் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஒரு நாள் தொழுதுவிட்டு வந்தவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"தம்பி, நானும் மூணு வருசமாப் பாக்கேன். கோயிலு இங்கன அருவிப் பக்கத்துலயேதான் இருக்கு. நீங்க ஒரு நாள்கூட உள்ள போவலியே?"

"போயாச்சுக்கா."

"எப்பம்?"

"முன்னால. எல்லாக் கோயிலுக்கும் போயாச்சு. இனிமே போறதா இல்லை."

"கோவமா?"

"யார் மேல கோவப்பட? அங்கன யாரும் இருக்கதா எனக்குத் தோணலை."

அவள் அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை. துப்பட்டி நுனியை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தாள். "எனக்கு அல்லா நாயன் இல்லைன்னா காலையில எந்திரிச்சு நிக்கவே முடியாது தம்பி. நீங்க எதை வச்சு எந்திரிக்கிய?"

"அஞ்சரை மணிக்கு இவளை எழுப்பணும். அதான்."

"அது மட்டும் போதுமா?"

"போதாதுக்கா" என்றான். "ஆனா எந்திரிச்சிருதேன்."

 அவள் உள்ளே போய் ஒரு தம்ளர் சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பேச்சை அவர்கள் மறுபடி எடுக்கவில்லை.

அவன் கோயிலுக்குப் போகாததை வேறு சிலரும் கவனித்திருந்தார்கள். அச்சுக்கூடத்துக்கு நோட்டீஸ் அடிக்க வருகிற பகுத்தறிவு மன்றத்துச் செயலாளர் ஒருவர் அவனிடம் பிரியமாக இருப்பார். ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஒரு பொதுக்கூட்டத்துக்கு அவனைப் பேசக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, மந்திரவாதி அடிச்சதை நீங்களே மேடையில சொல்லணும். நூறு பேரு பேசுததவிட அது ஒண்ணு போதும்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்று சந்தானகிருஷ்ணனுக்குத் தெரியும். ஆனாலும் கூட்டத்துக்கு நடுவே நின்று விஜயத்தின் கையில் கிடந்த கோடுகளைப் பற்றிப் பேச அவனுக்கு மனசு வரவில்லை.

"அது அவ பட்ட அடி" என்றான். "அவளக் கேக்காம நான் எப்படிச் சொல்ல?"

"நல்லதுக்குத்தான அண்ணாச்சி?"

"அடிச்சவரும் அதத்தான் சொன்னாரு."

செயலாளர் முகம் சுண்டிப்போனது. நல்ல மனிதர், அவரை அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அன்று முழுக்க அவனுக்கு உறுத்தியது. சாமி இல்லை என்று தெரிந்ததும் ஒரு பாரம் இறங்கும் என்று அவர் பேச்சில் வரும். இவனுக்கு ஒன்றும் இறங்கவில்லை. முன்னே பாரத்தைப் பங்கு போட ஒருவர் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான், இப்போது முழுசும் தன் தோளில்தான் என்று தெரிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அறுபதாம் வருஷக் கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் புதிதாக வந்திருக்கிற மாத்திரை என்று ஒன்றை எழுதிக் கொடுத்தார். அது விஜயத்தைக் கொஞ்சம் மாற்றியது. குடங்கள் பேசுவது குறைந்தது. தெருவில் இறங்கி நடப்பது நின்றது. ஆனால் பாதி நாள் கண் சொருகியே இருந்தாள். நாக்கு குழறியது. எப்போதாவது ஒரு நாள் தானாக எழுந்து வாசல் தெளிப்பாள், அதைப் பார்த்துக்கொண்டு அவன் வேலைக்குக் கிளம்பாமல் நிற்பான்.

"இனிமே அருவிக்கெல்லாம் கூட்டிட்டு அலைய வேண்டாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அறுபத்தொன்றில் ஆனி பிறந்தது. மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு தென்காசித் தெருவரை சாரல் வந்தது. சந்தானகிருஷ்ணன் கார்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். 'இந்த வருஷம் நாங்கள் வரவில்லை' என்று எழுதவேண்டும். பேனாவைத் திறந்ததும், தடுப்பருகே ஹைருன் பீவி துணிக்கயிற்றோடு நின்று போகிற ஆண்களை ஒவ்வொருவராகப் பார்ப்பது கண் முன்னே வந்தது. அவளுக்கும் வயசாகிவிட்டது. மசூது இன்னும் பலமாகியிருப்பான். அவனுக்கு உடம்பெல்லாம் அசதி. ஒரு மாதம் வீட்டோடு கிடந்தால் போதும் என்றிருந்தது. கார்டில் எப்போதும் எழுதுகிற இரண்டு வாக்கியத்தை எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான்.

அந்த வருஷம் தண்ணீர் அபாரமாக விழுந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, தடுப்பருகே காத்திருந்தார்கள். ஹைருன் பீவி வந்தாள். கையில் சின்ன மூட்டை. நடை தளர்ந்திருந்தது. அவன் அவளுக்குப் பின்னால் பார்த்தான். யாரும் இல்லை.

"மசூது எங்கக்கா?"

"அவன் போய்ட்டான் தம்பி."

"எங்க போனான்?"

"சித்திரையில. கெணத்துல விழுந்துட்டான். நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன்." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தைகளாக வந்தன. அவள் மணிக்கட்டில், ஏழெட்டு வருஷம் கயிறு கட்டிய இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

"ஒரு கார்டு போட்டுச் சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"சொன்னா நீங்க வராம இருந்திருவிய. நான் இல்லாம இந்தப் பிள்ளையை யாரு உள்ள கூட்டிட்டுப் போவா? அதான் வந்தேன்."

அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொன்னான்.

"அக்கா, நாங்க இந்த வருசம் வாறதாவே இல்லை. இவளுக்கு டாக்டரு மாத்திரை குடுத்திருக்காவ. அருவி வேண்டாம்னு சொல்லிட்டாவ. மசூதை யாரு பிடிப்பான்னுதான் வந்தோம்."

ஹைருன் பீவி அவனைப் பார்த்தாள்.   அப்படியே ஈரப் பாறையில் உட்கார்ந்து, துப்பட்டியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சித்திரையிலிருந்து அழாமல் வைத்திருந்த அழுகை அது என்று பார்த்தாலே தெரிந்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்கள் விலகி விலகிப் போனார்கள். ஆண்பிள்ளை, அவள் தோளைத் தொட்டுத் தேற்றவும் முடியாமல் சந்தானகிருஷ்ணன் நின்றான்.

அதுவரை எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்த விஜயம் மெல்ல நகர்ந்து வந்தாள். ஹைருன் பீவிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அவள் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். மாத்திரை குழறவைத்த நாக்கால், ஒவ்வொரு வார்த்தையாக, "வாங்க... தலையை நனைச்சிட்டு வருவோம்" என்றாள்.

ஹைருன் பீவி எழுந்தாள். விஜயம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் பெண்கள் பக்கம் போனார்கள். யார் யாரை நடத்திக்கொண்டு போகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. சந்தானகிருஷ்ணனுக்குத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவர்கள் வெளியே வர ரொம்ப நேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க அவன் ஒரு தரம்கூடத் தடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

உடனே ஊர் திரும்ப மூன்று பேருக்கும் மனசில்லை. சும்மா அறையில் கிடந்தார்கள். விஜயமும் ஹைருன் பீவியும் தினமும் குளிக்கப் போவார்கள், அவன் வெளியே உட்கார்ந்திருப்பான். நாலைந்து நாள் கழித்து அவன் ஒரு பெண்ணைக் கவனித்தான். முப்பது வயது இருக்கும். கழுத்தில் சிலுவை. ஒல்லியான ஓர் ஆளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தடுப்பருகே நின்றாள். ஆண்கள் பக்கத்தை எட்டிப் பார்ப்பதும் பின்வாங்குவதுமாக இருந்தாள். அவன் கொஞ்ச நேரம் பார்க்காதவன் போல இருந்தான். எழுந்திருக்கவே அலுப்பாக இருந்தது. பிறகு எழுந்து போனான்.

"யாரும்மா இது? தம்பியா?"

"எங்க வீட்டுக்காரரு." அவள் பயந்து ஓரடி தள்ளிப் போனாள். "நாங்க வீரகேரளம்புதூரு. எம் பேரு ஞானபாக்கியம். இவுகள உள்ள கூட்டிட்டுப் போவ ஆளு இல்லை."

"நான் கூட்டிட்டுப் போதேன். அந்தா வாராள்லா, அவ எம் பெண்டாட்டி. அவளுக்கும் இதே சீக்குதான்."

ஞானபாக்கியம் விஜயத்தைப் பார்த்தாள். ஈரத் தலையோடு, தூக்கக் கலக்கத்தோடு, ஹைருன் பீவியின் தோளில் சாய்ந்தபடி வந்துகொண்டிருந்தாள் விஜயம்.

"எத்தனை வருசமா வாரிய?"

"இது ஏழாவது வருசம்."

"அப்பம் சொகமாவாதா?" என்றாள் அவள். "எல்லாரும் சொகமாயிரும்னாவளே அண்ணாச்சி."

ஆகிவிடும் என்று சொல்ல அவனுக்கு வாய்வரை வந்தது. எத்தனை பேர் எத்தனை இடத்தில் அவனிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றான். "ஒண்ணு மட்டும் தெரியும். இன்னைக்கு இதுல நின்னுட்டு வந்தா நல்லாச் சாப்பிடுவாரு. நல்லாத் தூங்குவாரு. அந்த நேரம் நீயும் கொஞ்சம் தூங்கலாம். பாளையங்கோட்டையில ஒரு டாக்டரு இருக்காவ. அட்ரசு எழுதித் தாரேன். அவசியம் போ. அடிக்கிற இடத்துக்கு மட்டும் போயிராத."

 ஞானபாக்கியம் தலையைக் குனிந்து, புருஷனின் கையைத் தன் கையிலிருந்து பிரித்து அவன் கையில் கொடுத்தாள்.

அந்தச் சீசன் முடிந்து புறப்படும்போது ஹைருன் பீவி தானாகவே சொன்னாள். "அடுத்த ஆனிக்கும் கார்டு போடுங்க தம்பி. நானும் வாரேன். ஆளில்லாம என்னை மாதிரி ஒருத்தி வந்து நிப்பா."

அவன் போட்டான். அதற்கடுத்த ஆனிக்கும் போட்டான். விஜயத்துக்கு மாத்திரை சில வருஷம் கேட்டது, சில வருஷம் கேட்கவில்லை. அறுபத்துநாலில் ரொம்ப மோசமாகி, சீசன் முழுவதும் அறையை விட்டு வெளியே வரவில்லை. அப்போதும் அவன் காலையில் ஒரு மணி நேரம் ஹைருன் பீவியை அவளுக்குத் துணை வைத்துவிட்டு அருவிக்குப் போய்வந்தான். அதற்குள் அங்கே எண்ணெய் தேய்க்கிறவர்கள், டீக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிட்டது. யாராவது ஒரு பெண் புத்தி பேதலித்த ஆண்பிள்ளையோடு வந்து திகைத்து நின்றால், "செத்த நேரம் இருங்க, தென்காசி கம்பாசிட்டர் வந்திருவாவ" என்பார்கள். ஆண்கள் கூட்டி வருகிற அப்படிப்பட்ட பெண்களை ஹைருன் பீவி பார்த்துக்கொள்வாள். நன்றாக இருக்கிற நாட்களில் விஜயமும் ஒரு கை பிடிப்பாள்.

ஒரு வருஷம் உலகம்மாள் தம்பியைப் பார்க்கக் குற்றாலத்துக்கே வந்துவிட்டாள். மடியில் வழக்கம்போல ஏதோ கோயில் விபூதி. அருவிக்கரையில் ஓரமாக உட்கார்ந்து, அவன் ஓர் ஆளை இடுப்போடு கட்டிப் பிடித்துத் தண்ணீருக்குள் போவதையும், வந்து துவட்டிவிடுவதையும், அடுத்த ஆளைக் கூட்டிப் போவதையும் பார்த்தாள். மத்தியானம் அறையில் அவன் திண்டில் சாய்ந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏலே கிட்டு, சாமி இல்லை, பூதம் இல்லைன்னுட்டு அலைஞ்சியே. நீ செய்யுததும் சாமி காரியந்தாம்லே" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அவன் சிரித்தான். மறுத்துப் பேசினால் அக்கா வருத்தப்படுவாள். சரி என்று சொன்னால் பொய். தவிர, காலையில் பிடித்த ஆள் நல்ல பலசாலி.

"இருக்கட்டும்க்கா" என்றான். "இந்தத் தோள்பட்டை பிடிச்சிக்கிட்டு. கொஞ்சம் எண்ணெய் போட்டுத் தேச்சுவிடு. நாளைக்குச் செங்கோட்டையிலருந்து அண்ணந்தம்பி ரெண்டு பேரு வாராவ. ரெண்டு பேருக்குமே சரியில்லையாம்."

உலகம்மாள் விபூதிப் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள்.